அத்தை விழுங்காத நன்மை

என் மாமியாருக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காரைக்குடியிலிருந்து சாமியார் எங்கள் வீட்டுக்கு நன்மை கொண்டுவருவார். நற்கருணையை எங்கள் பக்கம் நன்மை என்றுதான் சொல்வோம். கோதுமை மாவில் சுட்ட வெள்ளை அப்பம். வட்டமாக, காகிதம்போல மெல்லியதாக இருக்கும். பூசையில் சாமியார் அதைக் கையில் எடுத்து வசனம் சொன்ன பிறகு அது அப்பம் அல்ல, ஆண்டவருடைய சரீரம். எட்டாவது வரை கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். அங்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்பாதவளாக இருந்தால் நடந்ததை எப்போதோ மறந்திருப்பேன்.

மடத்தில் புது நன்மை, அதாவது முதல் நன்மை, கொடுப்பதற்கு முன்னால் எங்களைப் பல நாள் பழக்கினார்கள். மந்திரிக்காத அப்பத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பல் படக்கூடாது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விடக்கூடாது, நாக்காலேயே நெகிழ்த்தி இறக்க வேண்டும். நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சாமியாரின் விரலைத் தவிர வேறு யார் விரலும் அதைத் தொடக்கூடாது. யார்மேலாவது பகை வைத்துக்கொண்டு வாங்கினால் அது நன்மையாக இறங்காது, தண்டனையாக இறங்கும் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். பின்னாளில் சட்டங்கள் தளர்ந்தன. பூசை தமிழுக்கு வந்தது. ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதும் என்றார்கள். என் மனசு மட்டும் பழைய சட்டத்திலேயே நின்றுவிட்டது.

நாங்கள் இருந்தது புதுவயலில். என் வீட்டுக்காரருக்கு ஓர் அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை. எங்கள் தெருவில் வேதக்காரர் வீடு, கிறிஸ்தவ வீடு, எங்களுடையது ஒன்றுதான். முதல் வெள்ளி காலையில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பேன். துணியை விரித்த நிமிஷத்தில் மில் கரி இறங்க ஆரம்பிக்கும். உமிச்சாம்பல் ஓட்டு இடுக்கு வழியாகக் கறுப்புப் பொட்டுப் பொட்டாக வந்து விழும். உதறி விரிப்பேன், மறுபடியும் விழும். சாமியார் வரும்வரை எனக்கு அந்தத் துணியைப் பற்றித்தான் கவலை.

பக்கத்து வீட்டுக்காரி வயலும் மாடும் வைத்திருந்த குடும்பத்துப் பெண். என்னைவிட மூத்தவள். நான் வாயைத் திறக்காதவள், அவள் வாயை மூடாதவள். முதல் வெள்ளியன்று அவளாகவே எங்கள் வாசலுக்கும் சேர்த்துச் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள்.

“நாங்க கோலம் போடுறதில்லக்கா” என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

“நீ போடாட்டிப் போ. வர்ற சாமி என்ன நெனைக்கும்? வாச வெறுமையாக் கெடக்கப்படாதுத்தா” என்றாள்.

சாமியார் மோட்டார் சைக்கிளில் வருவார். நன்மை வைத்த சிமிழ் அவர் நெஞ்சோடு கட்டியிருக்கும். வழியில் யாரோடும் பேசமாட்டார். பின்னால் உட்கார்ந்திருக்கும் உபதேசியார் கைமணியை அடித்துக்கொண்டே வருவார். மணிச் சத்தம் கேட்டதும் தெருப்பிள்ளைகள் “ஐஸு! ஐஸு!” என்று ஓடிவரும். பக்கத்து வீட்டுக்காரி விளக்குமாற்றோடு இறங்குவாள்.

“ஐஸு இல்லடா, எடுபட்ட பயலுகளா! சாமிடா! ஓரமா நில்லு. எவனாச்சும் ஐஸுன்னு வாயத் தெறந்தான், பிச்சுப்புடுவேன்!”

பிறகு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, தலைக்குமேல் குவித்துக் கும்பிடுவாள். வீட்டுக்குள் நான் கரியை ஊதிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு வருடத்துக்கு மேலாக நன்மை வாங்காமல் இருந்தேன். காரணம் அத்தை, என் மாமியார்.

வாதத்தில் விழுவதற்கு முன்னால் அத்தை கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டில் வேலை பார்த்தார். அந்தப் பெரிய வீடு வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம் என்றால் திறப்பார்கள். அப்போது பாத்திரம் துலக்கவும் மாவாட்டவும் காய் நறுக்கவும் ஒரு பட்டாளமே வேண்டும். ஆள் சேர்த்து வேலை வாங்குவது அத்தை பொறுப்பு. ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். தாலி கட்டுகிற திருப்பூட்டு அன்று நான் பின்கட்டில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். தேவகோட்டைப் பக்கம் இருந்த என் பிறந்த ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து, என் அப்பா இறந்துவிட்டார் என்று வாசலில் நின்ற அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை என்னிடம் சொல்லவில்லை. கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில்தான் சொன்னார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழியில் மண் தள்ளியாகிவிட்டது. முடிந்த மட்டும் எனக்காக வைத்திருந்தார்களாம். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்து, “ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“கல்யாண வீட்டுக்குள்ள எழவுச் சேதியச் சொல்லச் சொல்றியா? திருப்பூட்டுற நேரத்துல? ஆச்சி காதுல விழுந்தா என்னாகும்? நாளப்பின்ன நம்மள எவுக கூப்புடுவாக?” என்றார் அத்தை. பிறகு, “செத்தவுக எந்திரிச்சா வரப்போறாக?” என்றார்.

முதலில் சொன்னது எனக்கு விளங்கியது. கல்யாண வீட்டில் சாவுச் செய்தியை வாயில் எடுக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேறு ஏதாவது சொல்லி என்னை அனுப்பியிருக்கலாமே என்றுதான் வருத்தம். இரண்டாவது சொன்னது தைத்துவிட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. நான் சண்டை போடவில்லை; எனக்குச் சண்டை போட வராது. வாதம் அடித்த பிறகு அவரைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன். வாய் மட்டும் திறக்கவில்லை. “கஞ்சி ஆறிப்போகுது” என்று சுவரிடம் சொல்வேன். “ஈரம் மாத்தணும்” என்று சேலையிடம் சொல்வேன். தெருவில் என்னைப் பொறுமைசாலி என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் குறுகிப்போவேன். கோயிலில் மற்றவர்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் போய் முழங்கால் போட்டு நன்மை வாங்கும்போது, நான் தூண் ஓரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் சொல்ல வந்த முதல் வெள்ளி நல்ல வெயில் காலத்தில் வந்தது. அத்தைக்கு விழுங்குவது ரொம்பக் கஷ்டமாகியிருந்தது. கஞ்சிகூட ஒரு பக்கமாக வழிந்துவிடும். அதைச் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் சொல்லவில்லை. சாமியார் இளவயதுக்காரர், ஊருக்குப் புதியவர். இன்னும் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். செபம் சொன்னார். அத்தை நாக்கை நீட்டினார். முழு அப்பத்தையும் வைத்தார். அத்தை வாயை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டார். சாமியார் சிலுவை வரைந்துவிட்டுக் கிளம்பினார்.

நான் மெழுகுவர்த்தியை அணைக்கத் திரும்பினேன். அத்தை இருமினார். பார்த்தால், வலது கடைவாய் வழியாக நன்மை எச்சிலோடு நழுவி, தாடையில் ஒட்டி, கழுத்துக்குக் கீழே நான் விரித்திருந்த துண்டில் விழுந்தது.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் தூசிதான் மிச்சம் இருந்தது.

“என்னத்தா, பேயடிச்ச மாதிரி ஓடியார? கெழவிக்கு எதுவும் ஆயிப்போச்சா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஒண்ணுமில்லக்கா.”

அவளிடம் சொல்லியிருந்தால் யாரையாவது சைக்கிளில் விரட்டிச் சாமியாரைத் திருப்பியிருப்பாள். கூடவே தெருவையும் கூட்டியிருப்பாள். அதற்குத்தான் பயந்தேன்.

உள்ளே வந்தேன். துண்டில் அது மடங்கி, பாதி கரைந்து, சளி சுற்றிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் ஒரு கரிப்பொட்டு வந்து உட்கார்ந்தது. எடுத்து மறுபடி அத்தை வாயில் வைக்கலாமா? தொடுவதற்கு நான் யார்? அப்படியே விட்டால் ஈ மொய்க்கும். எறிய முடியாது. நானோ காலையில் கஞ்சி குடித்தவள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து வருடம் ஆகிறது. நெஞ்சு நிறையப் பகை. யார்மேல் பகையோ அவர் வாயிலிருந்துதான் அது விழுந்து கிடக்கிறது.

துண்டோடு முகத்துக்கு அருகே கொண்டுபோய், நாக்கால் எடுத்து விழுங்கினேன்.

பக்தியால் செய்தேன் என்று எழுத ஆசைதான். குமட்டியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கசாயம் குடிக்கிறவளைப்போல மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். ஆண்டவரே என்றுகூட மனசில் வரவில்லை. சீ என்றுதான் வந்தது. துண்டை அலசி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். “அம்மா நன்ம வாங்குச்சா?” என்று கேட்டார்.

“ம்” என்றேன்.

நன்மை வாயிலிருந்து வெளியே வந்தது அத்தைக்குத் தெரியும் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. வீட்டைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்தேன். அத்தை ஒரு சத்தம் போட்டார்; மாடு கத்துவதுபோல இருந்தது. இடது கையை வீசி வேண்டாம், வேண்டாம் என்றார். நாக்கு தடித்துப்போனதால் அவர் பேச்சு பாதிதான் விளங்கும். ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

“எங்குட்டு? எங்குட்டு?”

விளங்காதவளைப்போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு அதே வேலையாகிவிட்டது. இடது கையால் படுக்கையைத் தடவுவார். தலையணைக்கு அடியில் தேடுவார். கட்டிலுக்குக் கீழே எட்டிப்பார்க்க முயன்று முடியாமல் விழுவார். கட்டிலைச் சுற்றி நான் நடந்தால் என் காலையே பார்ப்பார். விளக்குமாற்றை எடுத்தால் அழுவார். வீட்டில் குப்பை சேர்ந்தது, கரி படிந்தது. “என்ன, வீடு இப்பிடிக் கெடக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “கூட்ட விடமாட்டேங்குறாக” என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மில்லுக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மோர் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் அத்தையிடம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

“கெழவி எதையோ தொலச்சுப்புட்டுத் தேடுதுத்தா. காதுத் தோடா?”

“தோடு காதுலதான் கெடக்கு.”

“அப்ப என்னத்தத் தேடுது? ‘மிதிக்காத, மிதிக்காத’ங்குது. நா என்ன ஆனையா, அங்குட்டும் இங்குட்டும் மிதிச்சு நாசம் பண்ண? எங்காலப் பிடிச்சுத் தள்ளுதுன்னா பாத்துக்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நன்மை தரையில் எங்கோ விழுந்து கிடக்கிறது, நாங்கள் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு திரிகிறோம், நான் அதைக் கூட்டிக் குப்பையில் தள்ளப்போகிறேன் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். தனக்குக் கிடைக்காமல் போனதற்காக அவர் அழவில்லை. அது மிதிபடக்கூடாதே என்று அழுதார். செத்தவர் எழுந்தா வரப்போகிறார் என்று கேட்ட அதே வாய்தான். அந்த ஒரு பேச்சை வைத்து அவரை என் மனசில் எவ்வளவு சின்னவராக்கி வைத்திருந்தேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

அப்படி உறைத்த பிறகாவது ஓடிப்போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அத்தனை நாள் கட்டிக்காத்த மௌனத்தை விட எனக்கு மனசு வரவில்லை. அவர் தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார், நான் என் வைராக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் தாண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மட்டும் பூசைக்குப் போனார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தே” என்றேன்.

அவர் வெடுக்கென்று திரும்பினார்.

“அது தரையில விழுகல. துண்டுலதான் விழுந்துச்சு. நா எடுத்து… முழுங்கிட்டேன்.”

“தரையில?”

“இல்லத்தே. ஒரு துணுக்குகூட விழுகல.”

நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு இடது கையை நீட்டி, மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் காட்டினார். நான் எழுந்து கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். அப்படி அயர்ந்து தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ. ஒரு வார்த்தையில் தீர்ந்துபோகிற பயத்தை அத்தனை நாள் அவர்மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

விழித்ததும் தன் நெஞ்சைத் தொட்டு, “எனக்கு… இல்ல” என்றார். “சாமியாரு” என்றார். அடுத்த முதல் வெள்ளி வரை தாங்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

மறுநாள் காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். சாமியார் தன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோத்திரம் சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு பேச ஆரம்பித்தேன்.

“ஏம்மா, உங்களுக்குப் பேச்சு வரும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது” என்று சிரித்தார். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தண்ணியில போட்டா தானா கரைஞ்சிருக்கும். அந்தத் தண்ணிய மண்ணுல ஊத்தியிருக்கலாம். யாரும் சொல்லித் தரலையா?”

“இல்ல சாமி.”

“முழுங்க முடியுமான்னு கேக்காம வச்சது என் தப்பு” என்றார். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். “நாளைக்கே வர்றேன். அவங்களோட நீங்களும் நன்மை வாங்கிக்கிறீங்களா?”

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஏன் என்று கேட்டார். அப்பா செத்ததையும் கல்யாண வீட்டையும் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர் அவர். “யோசிங்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தனியாக வந்தார். உபதேசியார் இல்லை, மணியும் இல்லை. நன்மையைப் பிட்டு, ஒரு சின்னத் துண்டைக் கரண்டித் தண்ணீரில் விட்டு, அத்தை தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அத்தை வாயை அகலத் திறந்து காட்டினார். காட்டியது சாமியாருக்கு அல்ல, எனக்கு.

பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினார். “அவளுக்கு” என்றார்.

சாமியார் மீதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “வீட்டுக்குப் பின்னால வாங்க, பாவசங்கீர்த்தனம் கேக்குறேன். அப்புறம் வாங்கிக்கலாம்” என்றார்.

“ஒங்கப்பன்…” என்றார் அத்தை. “ஒங்கப்பன் மொகம்…” அதற்குமேல் அவருக்கு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. நீட்டிய கையை எடுக்கவில்லை.

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் விளங்கியது.

“எனக்கு வேணாம் சாமி” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

சாமியார் மீதியைத் தானே உட்கொண்டார். அத்தையின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, போர்வைமேல் விழுந்தது.

பகையோடு நன்மை வாங்கக்கூடாது என்பதால்தான் மறுத்தேன், அது நான் ஆண்டவருக்குக் கொடுத்த மரியாதை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது கஞ்சி குடித்த வாயால் விழுங்கியவள்தான் நான். பகையை விட்டுவிட்டு வா என்பதற்காகச் சொன்ன சட்டத்தை, பகையை வைத்துக்கொள்ள ஒரு வசதியாக எடுத்துக்கொண்டேன். அன்று எனக்கு நன்மையைவிடப் பகைதான் வேண்டியிருந்தது.

அடுத்த முதல் வெள்ளிக்கு முன்பே அத்தை இறந்துபோனார். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் பேசினோம். கஞ்சியைப் பற்றி, ஈரத் துணியைப் பற்றி, வெயிலைப் பற்றி. அப்பா பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அத்தையின் முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. மனசுக்குள் தேடிப் பார்த்தேன், பகையைக் காணவில்லை. கிராதியில் முழங்கால் போட்டு நாக்கை நீட்டினேன். நன்மை லேசாக இறங்கியது. மன்னிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. எதிரே கையை நீட்டிக்கொண்டு யாரும் இல்லையே.

பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பூசைக்கு எங்களோடு பஸ்ஸில் வந்திருந்தாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“நீயும் வாங்குனியாத்தா?” என்றாள்.

“வாங்குனேங்கா.”

“நல்லது. கெழவி பாத்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்.”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புதுவயல் பஸ் வருகிறதா என்று பார்க்கிறவளைப்போல வேறு பக்கம் திரும்பி நின்றேன்.